வெற்றுப் பெட்டியின் வரலாறு: கிள்ளான் துறைமுகத்தை முன்வைத்து

ஒரு துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் அங்கு வந்திறங்கிய சரக்குகளின் வரலாறாகவும், அங்கிருந்து சென்ற சரக்குகளின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. கிள்ளானைப் பற்றி எழுதுவோர் ஈயத்தையும் இரப்பரையும் செம்பனை எண்ணெயையும் கணக்கிடுவர். அரிசியும் இயந்திரமும் வந்த ஆண்டுகளைக் குறிப்பர். ஆனால் சரக்கைக் கொண்டுவந்த கலம் எதை ஏற்றித் திரும்பியது, ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லாதபோது என்ன செய்தது, அந்த வெறும் பயணத்திற்கான செலவை யார் ஏற்றார்கள் என்னும் வினாக்கள் பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. இவ்வுரையில் நாம் அவ்வினாக்களையே எடுத்துக்கொள்கிறோம்.

இன்று கிள்ளான் வட்டாரத்தில் வாழும் எந்த மாணவரும் இதற்கான சான்றைக் கண்ணால் காணலாம். வட துறைமுகச் சாலையை ஒட்டியும் புலாவ் இண்டாவிலும் இரும்புப் பெட்டிகள் ஐந்தாறு அடுக்குகளாக, மாடிக் கட்டடம்போல் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் பல வெற்றுப் பெட்டிகள். அவை ஏன் அங்கு நிற்கின்றன என்று கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி நம்மைப் புகைவண்டிப் பாதைக்கும், தோட்டத்திற்கும், நம் முன்னோர் ஏறிவந்த கப்பலுக்கும் இட்டுச்செல்லும்.

சொல்லும் கலமும்

மொழி மன்றத்தின் அவையில் பேசும்போது சொற்களிலிருந்து தொடங்குவதே முறை. மலாய் மொழியில் கப்பலைக் 'கப்பால்' என்பர். பெட்டியைப் 'பெத்தி' என்பர். சரக்கு வைக்கும் இடத்தைக் 'குடாங்' என்பர். முதல் இரண்டும் தமிழின் கப்பலும் பெட்டியுமே. மூன்றாவது, கிடங்கு என்னும் தென்னிந்தியச் சொல்லின் உறவு. அதுவே ஆங்கிலேயர் நாவில் 'கோடவுன்' ஆயிற்று. ஒரு துறைமுகத்தை விளக்க முதலில் தேவைப்படும் மூன்று சொற்கள் நம் மொழியோடு உறவுடையவை என்பது, வங்கக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே நிகழ்ந்த நெடுங்கால வணிகத்தின் அடையாளம். இருபதாம் நூற்றாண்டில் இரும்புப் பெட்டி வந்தபோது மலாயில் 'கொன்தேனா' என்னும் சொல் வழங்கலாயிற்று. தமிழில் 'கொள்கலன்' நிலைபெற்றது. துறைமுகத் தொழிலாளர் பேச்சில் அது 'கண்டேய்னர்' அல்லது வெறும் 'பெட்டி'.

வெறுமையாகத் திரும்பும் கலத்தின் சிக்கல் கொள்கலனுக்கு மிகவும் முற்பட்டது. சேரநாட்டு முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு மீண்டதை அகநானூற்றுப் பாடலொன்று குறிக்கிறது. பொருளாதார நோக்கில் பார்த்தால் அது சமமற்ற வணிகம். தமிழகத்திலிருந்து உரோமுக்குச் செல்ல வேண்டிய பொருள் மிகுதி. அங்கிருந்து இங்கு வர வேண்டிய பொருள் குறைவு. அந்த இடைவெளியைப் பொன்னும் வெள்ளியும் நிரப்பின. உரோமின் செல்வம் கீழைநாடுகளுக்கு ஒழுகுவதாகப் பிளினி குறைகூறியதும் இதனால்தான். பிற்காலக் கப்பல்கள் சரக்குக் கிடைக்காத திசையில் செல்லும்போது கவிழாமல் இருக்கக் கல்லையும் மணலையும் அடிப்பாரமாக ஏற்றின. இரு திசைகளிலும் ஒரே அளவு சரக்கு ஓடும் வணிகம் உலகில் மிக அரிது. ஆகவே வெறுமைக்கான விலையை ஏதோ ஒரு வடிவில் யாரோ ஒருவர் செலுத்தியே வந்துள்ளனர்.

ஆற்றுத்துறையிலிருந்து கடல்துறைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலாங்கூரின் வாயில் கிள்ளான் நகரின் ஆற்றுத்துறையே. உள்நாட்டுச் சுரங்கங்களின் ஈயம் படகுகளில் வந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த புக்கிட் கூடா வரை புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் பாலம் வழியே அது நகரை அடைந்தது. எனினும் ஆறு ஆழங்குறைந்தது, வளைந்து செல்வது. பெரிய கப்பல்கள் நகர்வரை வர இயலவில்லை. ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தருகே புதிய துறைமுகம் அமைக்கப்பட்டு, 1901 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் அது போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது.

அத்துறைமுகத்தின் முதல் நெரிசல் சரக்கால் விளையவில்லை. சதுப்பு நிலத்தில் எழுந்த துறையை மலேரியாக் காய்ச்சல் தாக்கியது. திறந்த சில மாதங்களுக்குள்ளேயே துறைமுகப் பணிகள் முடங்கும் நிலை ஏற்பட்டது. கிள்ளான் மாவட்ட மருத்துவராயிருந்த மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு வடிக்கப்பட்டது, காடு வெட்டப்பட்டது, வடிகால்கள் அமைக்கப்பட்டன, நோயும் தணிந்தது. ஒரு துறைமுகம் இயங்குவதற்குக் கப்பலும் மேடையும் மட்டும் போதா, சுற்றியுள்ள நிலமும் மக்களும் நலமாயிருக்க வேண்டும் என்பதை அத்துறை தன் முதல் ஆண்டிலேயே கற்றது.

போர்ட் சுவெட்டன்ஹாமை நெடுங்காலம் நிருவகித்தது புகைவண்டித் துறையே. 1963-இல்தான் தனித் துறைமுக ஆணையம் அமைந்தது. ஆகவே பிரிக்பீல்ட்ஸும் துறைமுகமும் ஒரே நிருவாகத்தின் இரு முனைகளாயிருந்தன. இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடத்தில் அன்று சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் புகைவண்டி முற்றம் இருந்தது. அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளில் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் புகைவண்டித் துறையின் தொழிலாளராகவும் எழுத்தராகவும் நிலைய அதிகாரிகளாகவும் வாழ்ந்தனர். ஈயமும் இரப்பரும் துறைக்கு இறங்கின. அரிசியும் துணியும் இயந்திரமும் நகருக்கு ஏறின. இறங்கிய எடைக்கும் ஏறிய எடைக்கும் ஒப்பில்லாதபோது வெறும் வண்டிகளை எங்கே நிறுத்துவது, எப்போது திருப்பி அனுப்புவது என்று முடிவெடுப்பது அம்முற்றத்தின் அன்றாடப் பணி. கப்பல், மேடை, வண்டி, முற்றம் ஆகிய யாவும் ஒரே துறையின் கையில் இருந்தமையால், வெறும் வண்டியின் செலவும் அத்துறையின் கணக்கிலேயே விழுந்தது. இந்தச் செய்தியை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

மக்களை ஏற்றிய கப்பல்கள்

துறைமுகத்தின் வழியே பொருள் மட்டும் வரவில்லை, நாமும் வந்தோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் மக்களை இறக்கின. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' அக்கப்பல்களுள் தமிழர் நினைவில் ஆழப் பதிந்த ஒன்று.

தோட்டத்திற்குத் தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்கென 1907-இல் தமிழர் குடிவரவு நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிகள் அனைவரிடமும் தீர்வை பெற்று, அதிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஒரு தோட்டம் செலவழித்துக் கொண்டுவந்த தொழிலாளரை வேறொரு தோட்டம் ஈர்த்துக்கொள்ளும் சிக்கலுக்கு அது தீர்வாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தபோது, அதே நிதி எதிர்த் திசையில் பயன்பட்டது. 'மிகுதி'யாகிவிட்ட தொழிலாளர் என்று கருதப்பட்டோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்த பின்னரே அந்தச் சுழற்சி நின்றது.

மனிதரையும் இரும்புப் பெட்டியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தகாது. ஆனால் அன்றைய ஆட்சியும் தோட்ட முதலாளிகளும் தொழிலாளரைத் தேவைக்கேற்பக் கொண்டுவந்து, தேவையற்றபோது திருப்பி அனுப்பும் ஒன்றாகவே கணக்கிட்டனர் என்பது வரலாறு. 'மிகுதி' என்னும் சொல் யாருடைய கணக்கேட்டில் எழுதப்படுகிறது என்று கேட்கும் பழக்கத்தை இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. விலை சரிந்த ஆண்டில் மிகுதியெனப்பட்டவர், விலை ஏறிய ஆண்டில் பற்றாக்குறையாயினர். ஆட்கள் மாறவில்லை, கணக்கு மாறியது.

பெட்டி பிறந்த கதை

1956 ஏப்பிரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் அமெரிக்காவின் நூவர்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. அதற்குக் காரணமானவர் லோரி நிறுவனம் நடத்திவந்த மால்கம் மெக்லீன். சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றுவதற்கு டன்னுக்கு 5 டாலர் 86 காசு செலவாகிய காலத்தில், பெட்டியாக ஏற்றும் செலவு 16 காசுக்கும் குறைவாயிற்று. 1960-களின் இறுதியில் அனைத்துலகத் தர அமைப்பு பெட்டிகளின் அளவுகளை வரையறுத்தது. அதன்பின் 20 அடி, 40 அடிப் பெட்டிகள் உலகெங்கும் ஒரே கொக்கியில் தொங்கின, ஒரே லோரியில் அமர்ந்தன.

பெட்டியோடு வெற்றுப் பெட்டியும் உடன்பிறந்தது. 1967-இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைகளுக்குப் பொருள் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தை மெக்லீனின் நிறுவனம் பெற்றது. கப்பல்கள் கேம் ரான் குடாவுக்கு நிறைந்து சென்றன. போர் நடக்கும் நாட்டிலிருந்து ஏற்றிவர ஒன்றுமில்லாமையால் வெறுமையாகத் திரும்பின. இரு வழிச் செலவையும் படைத்துறையே ஏற்றிருந்தது. அப்படியானால் திரும்பும் வழியில் சப்பானில் நின்று சரக்கேற்றினால் கிடைப்பதெல்லாம் வருவாயே என்று மெக்லீன் கண்டார். சப்பானியப் பொருள்கள் அமெரிக்கச் சந்தைக்குப் பெட்டிகளில் பாய்ந்ததற்கு, அந்த வெற்றுப் பயணமும் ஒரு காரணம்.

இப்பகுதியில் 1972-இல் சிங்கப்பூர் தன் முதல் கொள்கலன் கப்பலை வரவேற்றது. அதே ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம், கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. மறு ஆண்டு, 1973-இல், வட துறைமுகத்தில் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. தொங்கானிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கிடங்குக்கும் மூட்டைகளை மாற்றிய தொழிலாளருள் தமிழர் பலர். அத்தொழில் ஒரு தலைமுறைக்குள் சுருங்கியது. 1986-இல் கொள்கலன் முனையம் தனியார் கைக்குச் சென்றது. 1990-களின் நடுவில் புலாவ் இண்டாவில் மேற்குத் துறைமுகம் எழுந்தது. 2024-இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 46 இலட்சம். அவற்றுள் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி வேறொரு கப்பலில் ஏறும் இடைமாற்றுச் சரக்கு.

நெரிசல் எவ்வாறு உண்டாகிறது

ஒரு பெட்டியின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்ப்போம். ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இயந்திர உறுப்புகள் வருகின்றன. லோரி, துறைமுகத்திலிருந்து நிறைந்த பெட்டியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்கிறது. சரக்கு இறங்கியபின், பெட்டிக்கு உரிய கப்பல் நிறுவனம் குறிப்பிடும் 'டிப்போ'வில் வெற்றுப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். குறித்த நாள்களுக்குள் ஒப்படைக்காவிட்டால் இறக்குமதியாளர் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். டிப்போவில் பெட்டியைச் சோதிப்பர், கழுவுவர், பழுது பார்ப்பர், அடுக்குவர். பின்னர் மேருவில் உள்ள ஓர் ஏற்றுமதியாளர் பெட்டி கேட்கும்போது, மற்றொரு லோரி வந்து அதனை எடுத்துச்சென்று, சரக்கேற்றித் துறைமுகத்திற்குக் கொண்டுவரும். நான்கு பயணங்களுள் இரண்டில் பெட்டி வெறுமை.

வந்த பெட்டிகளும் கேட்கப்படும் பெட்டிகளும் ஒத்திருந்தால் டிப்போ ஓர் ஓடும் நீர்நிலை. ஒவ்வாவிட்டால் அது தேங்கிய குளம். ஒவ்வாமைக்குக் காரணங்கள் பல. வரும் சரக்கும் போகும் சரக்கும் அளவில் வேறுபடும். 40 அடிப் பெட்டியில் வருவது, எடை மிகுந்தமையால் 20 அடிப் பெட்டியில் செல்லும். உணவுப் பொருளுக்குத் தூய பெட்டி வேண்டும்; வந்திருப்பதோ கறையும் துருவும் பட்டது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மிகுந்து கிடக்கும் அதே வாரத்தில் மற்றொரு நிறுவனத்தின் பெட்டி கிடைக்காது. நிறம் வேறு, உரிமையாளர் வேறு. உலகக் கடல்களில் நகரும் கொள்கலன்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வெற்றுப் பெட்டி என்று மதிப்பிடப்படுகிறது.

தேக்கம் நெரிசலாவது ஏன் என்பதை எளிய கணக்கால் மாணவர்க்கு விளக்கலாம். ஐந்து பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. வேண்டியது அடியில் உள்ளது. மேலுள்ள நான்கையும் வேறிடம் நகர்த்த வேண்டும். அடுத்த அடுக்கில் இடமிருந்தால் நகர்த்தலாம்; முற்றம் நிறைந்திருந்தால் நகர்த்தவே இடமிராது. ஆகவே முற்றம் முற்றிலும் நிறையும் முன்பே, பத்தில் எட்டுப் பங்கு நிறையும்போதே வேலை மந்தமாகிறது. ஒரு லோரிக்குக் கால் மணியில் முடிந்த வேலைக்கு ஒரு மணி ஆகிறது. வாயிலில் வரிசை நீள்கிறது. வரிசை சாலைக்கு வருகிறது. பயணத்திற்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் ஓட்டுநர், வரிசையில் நிற்கும் மணிக்கு ஊதியம் பெறுவதில்லை. கப்பல் நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரியாக உள்ள தேக்கம், ஓட்டுநர் வீட்டில் ஒரு நாள் வருவாயின் குறைவு. அச்சாலைகளை ஒட்டி வாழ்வோர்க்கோ அது புகையும் ஒலியும் ஆபத்தும்.

வெற்றுப் பெட்டியின் போக்குவரத்து எவ்வளவு கண்காணிப்பின்றி நடக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். 2023 சனவரியில், வங்காளதேசத்தின் சட்டோகிராம் துறையிலிருந்து மேற்குத் துறைமுகத்திற்கு வந்த கப்பலில் ஒரு வெற்றுப் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் ஒலி கேட்டது. திறந்தபோது, விளையாட்டாக உள்ளே ஒளிந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு சிறுவன் பல நாள் பசியோடும் காய்ச்சலோடும் உயிருடன் மீட்கப்பட்டான். நிறைந்த பெட்டிக்கு முத்திரையும் ஆவணமும் சோதனையும் உண்டு. வெற்றுப் பெட்டியை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெறுமை என்று ஏட்டில் எழுதினால் அது வெறுமையாகிவிடுகிறது.

பஞ்சமும் வெள்ளமும்

2020-க்குப் பிந்தைய நான்கு ஆண்டுகள் இச்சிக்கலின் எல்லா முகங்களையும் அடுத்தடுத்துக் காட்டின. பெருந்தொற்றால் வீட்டிலடங்கிய அமெரிக்க மக்கள் பொருள்களை வாங்கிக் குவித்தனர். ஆசியாவிலிருந்து சென்ற பெட்டிகள் அமெரிக்கத் துறைகளிலும் உள்நாட்டுக் கிடங்குகளிலும் சிக்கின. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைகளுக்கு வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்த நாள்கள் உண்டு. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' சூயசுக் கால்வாயை ஆறு நாள்கள் அடைத்தது. சீனாவின் யாந்தியான் துறை அவ்வாண்டின் நடுப்பகுதியில் தொற்றால் முடங்கியது. கப்பற் கூலி பலமடங்கு உயர்ந்தது.

அந்நிலையில் கப்பல் நிறுவனங்களுக்கு, குறைந்த கூலிச் சரக்குக்காகக் காத்திருப்பதைவிட வெற்றுப் பெட்டியை விரைந்து சீனாவுக்குக் கொண்டுசெல்வதே இலாபமாயிற்று. அமெரிக்க உழவர்கள் தம் விளைபொருளை ஏற்றப் பெட்டியின்றித் தவித்தனர். மலேசியாவின் ஏற்றுமதியாளர்களும் அவ்வாறே தவித்தனர். உலகமே கிள்ளான் வட்டாரத்தின் இரப்பர்க் கையுறையை வேண்டிய காலத்தில், கையுறை இருந்தது, கப்பல் இருந்தது, பெட்டி இல்லை. பெரிய நிறுவனம் கூடுதல் விலை கொடுத்துப் பெட்டி பெறும். சிறு தொழில் நடத்துவோர் வரிசையின் கடைசியில் நிற்பர்.

உலகக் கொள்கலன்களில் மிகப் பெரும்பான்மையைச் செய்யும் சீனத் தொழிற்சாலைகள், 2021-இல் முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் புதிய பெட்டிகளைச் செய்தன. 2022-இன் பிற்பகுதியில் வாங்கும் வேகம் தணிந்தது. சிக்கியிருந்த பழைய பெட்டிகளும் விடுபட்டன, புதியனவும் வந்து சேர்ந்தன. இப்போது எங்கும் மிகுதி, டிப்போக்கள் நிறைந்தன. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. பயணம் நீண்டது, கப்பல்கள் கால அட்டவணை தவறிக் கூட்டமாக வந்தன. 2024-இன் நடுவில் சிங்கப்பூர்த் துறை நெரிசலில் திணறியது. அங்கு நிற்க இயலாத கப்பல்களின் சுமை கிள்ளானுக்கும் வந்தது. பஞ்சம், வெள்ளம், மீண்டும் பஞ்சம். உலகிலுள்ள பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை இவ்வளவு விரைவாகக் கூடிக் குறையவில்லை. அவை நின்ற இடமும் நகர்ந்த வேகமுமே மாறின.

திரும்பு பயணத்தில் வந்த குப்பை

வெற்றுப் பயணத்தைக் குறைப்பது எப்போதும் நன்மையா? இந்த வினாவுக்குக் கிள்ளான் துறைமுகம் கசப்பான விடையொன்றைத் தந்துள்ளது. மேலைநாடுகளிலிருந்து ஆசியாவுக்குத் திரும்பும் பெட்டிகளுக்குச் சரக்கு குறைவு. ஆகவே அத்திசையில் கப்பற் கூலி மலிவு. அம்மலிவே, பழைய தாளையும் நெகிழிக் கழிவையும் உலகின் மறுகோடிக்கு அனுப்புவதை ஆதாயமுள்ள தொழிலாக்கியது. நெடுங்காலம் அவை சீனாவுக்குச் சென்றன. 2018 தொடக்கத்தில் சீனா தடை விதித்ததும் பெட்டிகள் தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பின. கோல லங்காட் மாவட்டத்தின் ஜெஞ்சாரோம் பகுதியில் உரிமமற்ற ஆலைகள் முளைத்து, எரித்த நெகிழியின் புகை ஊரைச் சூழ்ந்தது; மக்கள் திரண்டு போராடினர்.

2019 மே மாதத்தில், கழிவுகளை அவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் அறிவித்தார். 2020 சனவரிக்குள் 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவு, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அனுப்பும் செலவைக் கப்பல் நிறுவனங்களும் கழிவைக் கொண்டுவந்தோருமே ஏற்க வேண்டும் என்பதில் அரசு உறுதியாக நின்றது. இந்த உறுதியே நம் வரலாற்றுக்கு முதன்மையானது. வெறுமையின் விலையையும், வெறுமையை நிரப்ப வந்த கேட்டின் விலையையும், அதனால் பயன்பெற்றவரிடமே கேட்கலாம் என்று ஒரு முறையாவது காட்டப்பட்டது.

தீர்வுகளும் அவற்றின் எல்லையும்

இன்று கூறப்படும் தீர்வுகளை மூவகையாக்கலாம். முதலாவது இடத்தைப் பெருக்குவது. மேற்குத் துறைமுகம் தன் கொள்ளளவை ஏறத்தாழ இரு மடங்காக, 2 கோடியே 70 இலட்சம் பெட்டிகளாக, உயர்த்தும் திட்டத்தில் இறங்கியுள்ளது. இடம் தேவைதான்; ஆனால் தங்கும் நாள்கள் குறையாவிட்டால் புதிய முற்றமும் நிறையும்.

இரண்டாவது பயணத்தைக் குறைப்பது. ஷா ஆலாமில் சரக்கிறக்கிய பெட்டியை டிப்போவுக்கு அனுப்பாமல் நேரே மேருவின் ஏற்றுமதியாளரிடம் சேர்த்தால் ஒரு வெற்றுப் பயணம் முழுவதும் மிச்சமாகும். இதற்குத் தேவை இரும்பு அன்று, செய்தி: எந்தப் பெட்டி எங்கே எப்போது வெறுமையாகும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அத்தோடு பெட்டியின் உரிமையாளர் இசைய வேண்டும், பெட்டி பழுதின்றி இருக்க வேண்டும். லோரிகளுக்கு நேரம் ஒதுக்கும் முன்பதிவு முறையும் இவ்வகையதே. மடக்கி அடுக்கத்தக்க கொள்கலன்களும் செய்யப்பட்டுள்ளன. விலையும் மடக்கும் வேலையும் மிகுதியாதலால் அவை பரவவில்லை.

மூன்றாவது விலையை மாற்றுவது. 2021 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைகள், நெடுநாள் தங்கும் பெட்டிகளுக்குக் கப்பல் நிறுவனங்களிடமே கட்டணம் பெறப்போவதாக அறிவித்தன. அக்கட்டணம் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, ஒரு காசும் பெறாமலேயே கைவிடப்பட்டது. எனினும் தேங்கிய பெட்டிகள் அக்காலத்தில் குறைந்தன. செலவு யாரிடம் விழும் என்பது தெளிவானவுடன், அவர் செயற்படத் தொடங்குகிறார்.

இங்குதான் நாம் முன்னர் நினைவில் கொண்ட செய்தி பயன்படுகிறது. புகைவண்டித் துறை யாவற்றையும் நிருவகித்த காலத்தில் வெறும் வண்டியின் செலவு ஒரே கணக்கில் விழுந்தது. அதைக் குறைக்கும் அக்கறையும் அதே கையில் இருந்தது. குடிவரவு நிதியின் காலத்தில், தொழிலாளர் நலனுக்காக அன்றாயினும், போக்குவரவுச் செலவை முதலாளிகள் அனைவரும் பகிர்ந்தனர். இன்றோ பெட்டி ஒருவருடையது, கப்பல் மற்றொருவருடையது, முனையம் வேறொருவருடையது, டிப்போவும் லோரியும் தனித்தனி நிறுவனத்தாருடையவை. ஒவ்வொருவரும் தம் செலவை அடுத்தவரிடம் தள்ள, மேலும் தள்ள இயலாதவரிடம் அது தங்குகிறது. அவர் ஓட்டுநர், சிறு ஏற்றுமதியாளர், சாலையோரக் குடியிருப்பாளர். பழைய ஒற்றை நிருவாகத்திற்குத் திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதுவும் குடியேற்ற ஆட்சியின் நலனுக்காகவே இயங்கியது. சிதறிய செலவை ஓரிடத்தில் கூட்டிக் காட்டும் கணக்கொன்று பொதுமன்றத்தில் வேண்டும் என்பதே நம் கருத்து.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாணவர்க்குக் கொள்கலன் ஒரு திறந்த பாடநூல். ஒவ்வொரு பெட்டியின் மீதும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் உள்ளன. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது வகையை. கடைசி எண், மற்றவை சரியாக எழுதப்பட்டனவா என்று சோதிக்கும் எண். கதவில் பெட்டியின் வெற்றெடை பொறிக்கப்பட்டிருக்கும். 40 அடிப் பெட்டி வெறுமையாக இருக்கும்போதே ஏறத்தாழ 3,700 முதல் 3,900 கிலோகிராம் வரை எடையுள்ளது. கணிதம், புவியியல், வரலாறு ஆகிய மூன்று பாடங்களுக்கும் அக்கதவில் இடமுண்டு. சாலையில் செல்லும் பெட்டியை மாணவர் வெளியிலிருந்தே பார்த்துக் குறிக்கட்டும். உள்ளே செல்லும் ஆபத்தைப் பற்றியும் அப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

சொற்களையும் உடன் கற்பிக்கலாம். நிறைகலன், வெற்றுக்கலன், இடைமாற்று, தாமதக் கட்டணம், வெற்றெடை ஆகியவை நூலில் மட்டும் வாழ வேண்டியவை அல்ல. நம் மாணவருள் பலர் நாளை இத்துறையிலேயே பணியாற்றுவர். தம் தொழிலைத் தம் மொழியில் விளக்கத் தெரிந்தவர், அத்தொழிலில் தமக்கு நேரும் குறையையும் அதே மொழியில் தெளிவாக எடுத்துரைக்க வல்லவராவர். தோட்டத்துக் கணக்கேட்டில் 'மிகுதி' என்று எழுதப்பட்ட நம் முன்னோர்க்கு, அந்த ஏட்டைப் படிக்கவும் எதிர்த்துக் கேட்கவும் வாய்ப்புக் குறைவாயிருந்தது. இன்றைய கணக்கேடு மின்திரையில் உள்ளது. அதைப் படிக்கக் கற்பிப்பது நம் பள்ளிகளால் இயலும்.